ஸ்பேனர்: எந்தத் தலைக்கு எது, எப்படிப் பிடிப்பது

"பத்தாம் நம்பர் எடு" என்றால் பட்டறையில் எல்லாருக்கும் புரியும். அந்தப் பத்து எதன் அளவு என்று கேட்டால் பாதிப் பேர் போல்ட்டின் கனம் என்பார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்பேனரில் அடித்திருக்கும் எண் அதன் வாயின் அகலம். போல்ட் தலையின் ஒரு தட்டைப் பக்கத்திலிருந்து நேரெதிர்ப் பக்கம் வரை உள்ள மில்லிமீட்டர் கணக்கு. போல்ட்டுக்கென்று இருக்கும் அளவு வேறு, அது மரை ஓடும் தண்டின் விட்டம். கடையில் எம் 6, எம் 8 என்று கேட்பது அதைத்தான். எம் 6 போல்ட்டுக்குப் பத்து ஸ்பேனர் வேண்டும். எம் 10 போல்ட்டில் பத்தைப் போட்டால் தலை அதற்குள்ளேயே போகாது.

தண்டுக்கும் தலைக்கும் ஒரே கணக்கு உலகம் முழுக்க இல்லை. எம் 5-க்கு 8, எம் 6-க்கு 10 என்பதில் பெரிய சண்டை கிடையாது. எம் 8-இல் பிரிந்துவிடுகிறது: ஹார்டுவேர் கடையில் வாங்கும் சாதாரண போல்ட்டின் தலை 13, ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பைக், ஸ்கூட்டரில் 12. எம் 10-க்குக் கடைப் போல்ட்டில் 17 அல்லது 16, ஜப்பானிய வண்டியில் 14. எம் 12-க்குக் கடைப் போல்ட்டில் 19 அல்லது 18, ஜப்பானிய வண்டியில் 17. எம் 16-க்கு 24. அதனால்தான் ஜப்பானிய வழி பைக்கின் டூல் கிட்டில் 10-12, 14-17 என்று ஸ்பேனர் வருகிறது. கடையில் வாங்கும் செட்டிலோ 10-11, 12-13, 14-15, 16-17 என்று வரிசையாக இருக்கும். வண்டியில் தொலைந்த 12 தலை போல்ட்டுக்குப் பதில் கடையில் எம் 8 கேட்டு வாங்கினால் மரை சரியாக ஏறும், தலை மட்டும் 13 ஆக இருக்கும். அடுத்து அந்த வண்டியைக் கழற்றுபவர் 12-ஐப் போட்டுப் பார்த்துத் திட்டுவார்.

சந்தேகம் வந்தால் வெர்னியர் காலிப்பரைத் தலையின் தட்டைப் பக்கங்களுக்குக் குறுக்கே வையுங்கள். 9.8 காட்டினால் அது பத்துதான். தலையைப் பெயர் அளவைவிட ஒரு நூலிழை சிறிதாகவும், ஸ்பேனர் வாயை ஒரு நூலிழை பெரிதாகவும் செய்வது வழக்கம், இல்லாவிட்டால் உள்ளேயே போகாது. பெயின்ட்டும் துருவும் ஏறிய தலையில் அளவு கூடுதலாகக் காட்டும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும்.

இஞ்ச் கணக்கு இன்னும் செத்துப்போகவில்லை. பழைய லேத், கிணற்று மோட்டார், பழைய டிராக்டர் எல்லாவற்றிலும் வரும். பட்டறைப் பேச்சில் ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு; மூணு நூல் போல்ட் என்றால் தண்டு 3/8 இஞ்ச். ஸ்பேனரில் ஏ.எஃப் என்று அடித்திருந்தால் எண் வாயின் அகலம். டபிள்யூ அல்லது பி.எஸ் என்று அடித்திருந்தால் எண் போல்ட்டின் தண்டு அளவு, வாய் அதைவிட வெகு பெரிது. 1/4 டபிள்யூ ஸ்பேனரின் வாய் சுமார் 13.3 மி.மீ. 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரைத் தரத்திலிருந்து வந்த பழக்கம் இது. பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும்.

இஞ்சுக்கும் மில்லிமீட்டருக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற ஜோடிகள் சில உண்டு. 5/16-க்கு 8, 7/16-க்கு 11, 5/8-க்கு 16, 3/4-க்கு 19 தைரியமாகப் போடலாம். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ.; அதில் 13 உட்காரும், ஆனால் ஆடும். இலேசாக இறுக்கியிருப்பதைக் கழற்றலாம், துருப்பிடித்ததில் போட்டால் தலை போய்விடும்.

ஏன் போகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஸ்பேனர் வேலையில் கெடுவதில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வருகின்றன. பத்து அளவு அறுகோணத் தலையின் மூலைக்கு மூலை தூரம் சுமார் 11.5 மி.மீ. அதில் பதினொன்று ஸ்பேனரைப் போட்டால், பிடித்து நிறுத்த மிஞ்சியிருப்பது அரை மில்லிமீட்டர் மூலை மட்டுமே. ஸ்பேனர் முதலில் பன்னிரண்டு டிகிரி அளவுக்குச் சும்மா சுழலும், பிறகு இரண்டே இரண்டு மூலை நுனிகளில் முட்டும். முழு விசையும் அந்த நுனிகளில் விழும். இரும்பு வழிந்து மூலை மழுங்கும். அடுத்த தடவை சரியான பத்தைக் கொண்டுவந்தாலும் பிடிக்க மூலை இருக்காது. துணி, தகரத் துண்டு, திருப்புளி நுனி என்று இடைவெளியில் சொருகுவதெல்லாம் இந்தக் கணக்கை மாற்றாது.

கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது

இரண்டு பக்கமும் வாய் திறந்திருப்பது டபுள் எண்ட், சுருக்கமாக டி.இ. ஸ்பேனர். இரண்டு பக்கமும் வளையம் என்றால் ரிங் ஸ்பேனர். ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் திறந்த வாய், இரண்டும் ஒரே அளவு என்றால் காம்பினேஷன். குழாய் மாதிரி நீண்டு, குறுக்கே கம்பி போட்டுத் திருப்புவது பாக்ஸ் ஸ்பேனர். ஸ்பார்க் பிளக்குக்கு வண்டியோடு தருவது இதுதான். பைக் மெக்கானிக் கையில் எப்போதும் இருக்கும் டி வடிவக் கைப்பிடி, டி ஸ்பேனர். 8, 10, 12, 14 போதும். கார் சக்கரத்துக்கு எல் ஸ்பேனர். ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை மாற்றும் கொக்கி, சி ஸ்பேனர். உள்ளே அறுகோணக் குழி உள்ள போல்ட்டுக்கு ஆலன் கீ; சில கடைகளில் எல் கீ என்றால்தான் எடுத்துத் தருவார்கள்.

திருகி வாயை அகலப்படுத்துவது ஸ்க்ரூ ஸ்பேனர். அதை 6, 8, 10, 12 இஞ்ச் என்று விற்பார்கள். அது கைப்பிடியின் நீளம், வாயின் அளவு இல்லை. எட்டு இஞ்ச் ஒன்று சுமார் 24 மி.மீ. வரை திறக்கும். பைப் ரெஞ்ச் வேறு ஜாதி. அதன் பற்கள் உருண்டையான குழாயைக் கடித்துப் பிடிப்பதற்காகச் செய்தவை, நட்டில் போட்டால் ஆறு பக்கமும் சீவிவிடும். பாத்ரூம் குழாயின் குரோம் நட்டில் போடுவது அதைவிடப் பாவம். அங்கே ஸ்க்ரூ ஸ்பேனர் எடுங்கள், தாடைக்கும் நட்டுக்கும் நடுவே ஒரு மடிப்புத் துணி வையுங்கள். பிளாஸ்டிக் நட் என்றால் எந்த ஸ்பேனரும் வேண்டாம், கையால் இறுக்கினாலே போதும்.

எதை முதலில் எடுப்பது

இடம் இருந்தால் சாக்கெட் (கைப்பிடியில் மாட்டித் தலை மேல் கவிழ்க்கும் கிண்ணம்) அல்லது ரிங். ரிங் ஸ்பேனர் தலையைச் சுற்றிலும் பிடிக்கிறது, டி.இ. ஸ்பேனர் இரண்டு பக்கத்தில் மட்டும் பிடிக்கிறது, கடுமையாக இழுத்தால் அதன் வாய் விரியவும் செய்யும். முதல் உடைப்பு, அதாவது இறுகிப்போனது "டக்" என்று விடும் வரை, ரிங்கால் செய்யுங்கள். விட்ட பிறகு சுழற்றி எடுக்க டி.இ. வேகமாக இருக்கும். கடைசி இறுக்கத்துக்கு மறுபடி ரிங்.

ரிங்கிலும் சாக்கெட்டிலும் ஆறு முனை, பன்னிரண்டு முனை என்று இரண்டு உண்டு. பன்னிரண்டு முனை 30 டிகிரிக்கு ஒரு தடவை உட்காரும், நெருக்கடியான இடத்துக்கு வசதி. ஆறு முனைக்கு 60 டிகிரி வேண்டும், ஆனால் பக்கங்களில் நன்றாகப் படியும். துருப்பிடித்தது, பாதி மழுங்கியது எதுவானாலும் ஆறு முனைதான்.

டி.இ. ஸ்பேனரின் தலை கைப்பிடிக்கு நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கைப்பிடியை ஆட்ட 30 டிகிரி இடம்தான் இருக்கிறது என்றால், ஒரு இழுப்பு இழுத்து, ஸ்பேனரைக் குப்புறப் புரட்டி மறுபடி போடுங்கள். அடுத்த 30 டிகிரி கிடைக்கும். புரட்டத் தெரியாமல் இஞ்சின் கவரையே கழற்றுகிறவர்கள் உண்டு.

பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் நட்டுகளில் குழாய் குறுக்கே வருவதால் ரிங் போகாது. அவை பித்தளை அல்லது மெல்லிய இரும்பு, டி.இ. போட்டால் சுலபமாக மழுங்கும். ரிங்கில் குழாய் நுழையும் அளவு ஒரு வெட்டு விட்டது மாதிரி ஃபிளேர் நட் ஸ்பேனர் தனியாக விற்கிறது. பிரேக் வேலை செய்கிறவர் 10, 11 அளவில் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

கை வைக்கும் விதம்

ஸ்பேனரைத் தலையின் முழு ஆழத்துக்கும் அழுத்திப் போடுங்கள், வாய் நுனியில் தொற்றிக்கொண்டிருக்கக் கூடாது. கைப்பிடி போல்ட்டுக்குச் செங்குத்தாக இருக்கட்டும், சாய்ந்தால் ஒரு ஓரத்தை மட்டும் கடிக்கும். முடிந்தவரை உங்களை நோக்கி இழுங்கள். தள்ளும்போது திடீரென்று விட்டால் விரல் முட்டி நேராக ரேடியேட்டரிலோ சங்கிலியிலோ போய் மோதும். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள்.

ஸ்க்ரூ ஸ்பேனரில் ஒரு தாடை நிலையானது, ஒன்று நகர்வது. கைப்பிடி எந்தத் திசையில் சுழல்கிறதோ அந்தப் பக்கம் நகரும் தாடை இருக்க வேண்டும். அப்போது பெரும் விசையை நிலையான தாடை தாங்கும். மாற்றிப் போட்டால் நகரும் தாடை விரிந்து நட்டின் மூலை நழுவும், நாளடைவில் திருகும் மரையும் தேயும். ஒவ்வொரு தடவை போடும்போதும் வாயை நட்டோடு ஒட்ட இறுக்கிக்கொள்ள வேண்டும்.

நட்டும் போல்ட்டும் சேர்ந்த இடத்தில் ஒரே அளவில் இரண்டு ஸ்பேனர் தேவை: ஒன்று போல்ட் தலையைப் பிடித்து நிறுத்த, ஒன்று நட்டைத் திருப்ப. முதல் தடவை வாங்குகிறவர்களை டி.இ. செட் ஒன்றும் ரிங் செட் ஒன்றும் வாங்கச் சொல்வது இதற்காகத்தான். இரண்டு டி.இ. செட் வாங்குவது காசுக்குக் கேடு.

எவ்வளவு இறுக்குவது

ஸ்பேனரின் நீளம் சும்மா வைத்ததில்லை. சிறிய போல்ட்டுக்குச் சிறிய கைப்பிடி, கை விசை கூடினாலும் மரை தப்பிக்கட்டும் என்று. கணக்கு எளிது: 20 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் பத்து கிலோ விசை கொடுத்தால் சுமார் 20 நியூட்டன் மீட்டர் (திருப்பும் விசையின் அலகு). 8.8 என்று வலிமைத் தரம் தலையில் அடித்த, எண்ணெய் படாத போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் இறுக்கம் எம் 6-க்கு 10, எம் 8-க்கு 25, எம் 10-க்கு 50-ஐ ஒட்டி. வண்டிக்கென்று சர்வீஸ் புத்தகத்தில் எண் இருந்தால் அதுதான் செல்லும். அலுமினிய உறைக்குள் போகும் எம் 6-ஐ நீண்ட ராட்செட்டில் (ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பும் சாக்கெட் கைப்பிடி) முழுக் கையால் இழுத்தால், சொன்ன அளவைப் போல் பல மடங்கு ஏறிவிடும். இரும்புப் போல்ட் தப்பும், அலுமினியத்தில் உள்ள மரை சுருளாக வெளியே வரும். இஞ்சின் எண்ணெயை வடிக்கக் கழற்றும் ஆயில் டிரெய்ன் போல்ட்டில் இது தினமும் நடக்கிற விபத்து.

கைப்பிடியில் குழாய் மாட்டி நீட்டிக்கொள்வது இறுக்குவதற்குக் கூடவே கூடாது. கார் சக்கர நட்டின் மேல் ஏறி மிதிப்பதும் அப்படித்தான், அடுத்த தடவை பஞ்சரானபோது கழலாது.

மரையில் எண்ணெய் பூசினால் உராய்வு குறையும். அதே இறுக்கத்துக்குப் போல்ட் கூடுதலாக நீளும். உலர்ந்த மரைக்குச் சொன்ன எண்ணை எண்ணெய் பூசிய மரையில் அப்படியே போட்டுவிட்டு, போல்ட் தரம் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இறுக்கத்தை அளந்து திருப்பும் டார்க் ரெஞ்ச் வாங்குவதானால் எல்லையைப் பாருங்கள். அரை இஞ்ச் முனையுள்ள பெரியவை பல 40 நியூட்டன் மீட்டருக்குக் கீழே அளக்காது, எம் 6-க்கு உதவாது. அதைக் கொண்டு கழற்றக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்து அளவு பிசகும்.

போல்ட்டைப் பூட்டும்போது முதல் மூன்று நான்கு சுற்று வெறும் கையால் ஏற்றுங்கள். ஏறவில்லை என்றால் மரை குறுக்கே கடித்திருக்கிறது. பின்பக்கமாக மெல்லச் சுற்றினால் ஒரு இடத்தில் லேசாக "க்ளிக்" என்று விழும். அங்கிருந்து முன்னால் திருப்புங்கள். ஸ்பார்க் பிளக்கில் இது மிக முக்கியம், சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால். இன்றைய சிறிய பைக்குகளில் வரும் 10 மி.மீ. மரைப் பிளக்கின் தலைக்கு 16 ஸ்பேனர், இறுக்கம் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். பழைய 14 மி.மீ. பிளக்குக்குத்தான் 21 ஸ்பேனர்.

நான்கு அல்லது அதற்கு மேல் போல்ட் உள்ள மூடியில் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிராகக் குறுக்கே, இரண்டு மூன்று கட்டமாக ஏற்றினால்தான் மூடி கோணாமல் உட்காரும். கழற்றும்போதும் அதே முறை.

கழலாத போல்ட்

முதலில் திசை. தலையை நேருக்கு நேர் பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் கழலும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு மேல் நோக்கி வேலை செய்யும்போது இது குழம்பும், கழற்றுவதாக நினைத்து இறுக்கி முறிப்பது அங்கேதான் நடக்கிறது. தலை எந்தப் பக்கம் உங்களைப் பார்க்கிறது என்று மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு கம்பி பிரஷ்ஷால் மரையின் வெளிப்பகுதியைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை மரை தொடங்கும் இடத்தில் விடுங்கள். தலை மேல் ஊற்றுவதில் பயனில்லை. குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு இரவு. தலையில் சுத்தியால் நேராக நாலு தட்டு; துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். ஆறு முனை சாக்கெட்டும் நீளக் கைப்பிடியும் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் இலேசாக அசைத்துப் பாருங்கள். அசைந்ததும் கழற்றும் பக்கம் கால் சுற்று, மறுபடி உள்ளே, மறுபடி வெளியே என்று முன்னும் பின்னுமாக எடுங்கள். ஒரே இழுப்பில் எடுக்கப் போனால் துருத்தூள் மரையில் சிக்கிப் போல்ட் கழுத்தில் முறியும். ராட்செட்டை உடைப்பு விசைக்குப் பயன்படுத்தாதீர்கள், உள்ளே பல் தெறிக்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால் நட்டைச் சூடாக்கலாம், அது விரிந்து பிடி விடும். பெட்ரோல் டாங்கி, பிரேக் குழாய், ரப்பர் புஷ், பேரிங் அருகே தீ வேண்டாம். எண்ணெய் விட்ட இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் சூடாக்க வேண்டும்.

தலை உருண்டுவிட்டதா? 12 தலை மழுங்கியிருந்தால் 11 ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியால் அடித்து ஏற்றித் திருப்பலாம். தலை வெளியே நன்றாகத் தெரிந்தால், எதிரெதிர் இரண்டு பக்கத்தை அரத்தால் ராவி அடுத்த சிறிய அளவுக்குக் கொண்டுவந்து டி.இ. போடலாம், மெதுவான வேலை, ஆனால் நம்பகமானது. கடித்தபடியே பூட்டிக்கொள்ளும் வைஸ் கிரிப் பிளையர் மூன்றாவது வழி. வெல்டிங் பட்டறை பக்கத்தில் இருந்தால் மழுங்கிய தலை மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். அந்தச் சூட்டிலேயே துரு இளகும், புது நட்டில் ஸ்பேனரும் பிடிக்கும். அப்படி எடுத்த போல்ட்டை மறுபடி பூட்டாமல் தூக்கி எறிந்துவிடுங்கள்.

எதிர் மரை வரும் இடங்கள்

சைக்கிளின் இடது பெடல். பெடலுக்கு 15 மெல்லிய ஸ்பேனர் வேண்டும், இடது பக்கம் கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். மேசை மின்விசிறியின் இறக்கையைப் பிடிக்கும் குமிழ் பெரும்பாலும் அப்படித்தான். பெஞ்ச் கிரைண்டரின் இடது பக்கச் சக்கர நட்டும் அதே. வெல்டிங் கேஸ் சிலிண்டரில் ஆக்சிஜனுக்கு நேர் மரை, அசிட்டிலீனுக்கு எதிர் மரை. ஹோஸ் பொருத்தும் நட்டின் மூலைகளில் வெட்டுக்கோடு இருந்தால் எதிர் மரை என்று அடையாளம். பலம் போடுவதற்கு முன் இந்த வெட்டுக்கோட்டைத் தேடுங்கள்.

பேட்டரி முனையில் ஸ்பேனர் போடும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவ் முனையில் இருக்கும் ஸ்பேனரின் மறுமுனை வண்டியின் இரும்பில் தொட்டால், நெகட்டிவ் இணைப்பில் இருக்கும் வரை அது நேரடி ஷார்ட். பொறி பறக்கும், ஸ்பேனர் முனையோடு ஒட்டிக்கொள்ளும், கையில் மோதிரம் இருந்தால் விரலும் வேகும். அந்த வேலைக்கு மட்டும் பத்தாம் நம்பர் ஒன்றின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றித் தனியாக வைத்துக்கொள்ளலாம்.